புழுவுக்குள் புகும் புழு: மக்காச்சோளக் குருத்தில் ஒரு கணக்கு

மக்காச்சோளம் போட்டவர்களிடம் படைப்புழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: மருந்து அடித்தோம், புழு சாகவில்லை. மருந்தில் வீரியம் இல்லை, கலப்படம், கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று அடுக்குவார்கள். அதெல்லாம் நடப்பதுதான். ஆனால் பல வயல்களில் சிக்கல் மருந்தில் இல்லை, புழு இருக்கும் இடத்தில் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் சில நாட்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் புழு, கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கிவிடுகிறது. தின்று கழித்த எச்சத்தையே மேலே தள்ளி வழியை அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு இலைமேல் எத்தனை டேங்க் அடித்தாலும் மருந்தில் பெரும்பங்கு இலையில் வழிந்து தரைக்குத்தான் போகும்.

அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான இந்தப் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்துவிட்டது. இலங்கையில் இதற்குச் 'சேனா' என்றே பெயர். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரி மக்காச்சோளக்காரர்களுக்கு அந்த 2018 பட்டத்தைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதிருந்து இந்தப் புழுவுக்கு எதிராகப் பேசப்படும் வழிகளில் ஒன்று, அதிகம் வெளியே வராத ஒன்று, நூற்புழு. இதைச் சொன்னவுடன் விவசாயிகள் முகம் சுளிப்பது நியாயமே. அவர்களுக்குத் தெரிந்த நூற்புழு, தக்காளியிலும் வாழையிலும் மிளகிலும் வேரைப் பாழாக்கும் எதிரி. அதைக் கொல்லத்தான் இவ்வளவு நாளும் செலவு செய்தார்கள். இப்போது காசு கொடுத்து வாங்கி வயலில் விடச் சொன்னால்?

இரண்டும் வேறு வேறு உயிர்கள். வேரைத் தாக்கும் நூற்புழுவின் வாயில் ஊசி மாதிரி ஓர் உறுப்பு உண்டு, அதைச் செருகித்தான் செடியின் சாற்றை உறிஞ்சும். பூச்சியைத் தாக்கும் நூற்புழுவுக்கு அந்த ஊசி கிடையாது. வேரில் போய் உட்கார்ந்தாலும் அதனால் எதுவும் செய்ய முடியாது. ஸ்டெய்னர்நெமா, ஹெட்டரோராப்டைடிஸ் என்ற இரண்டு பேரினங்கள்தான் இந்த வேலைக்கு முக்கியமானவை. பெயர்கள் வாயில் நுழையாது, ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பாக்கெட்டின்மேல் எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதை எங்கே, எப்போது பயன்படுத்துவது என்பது மாறுகிறது.

கொல்லும் விதம்

வயலில் விடப்படுவது முழு வளர்ச்சி பெற்ற நூற்புழு அல்ல. மூன்றாம் பருவத்து இளம்புழு. நீளம் அரை மில்லிமீட்டர், கூடக் குறைய. வெறும் கண்ணுக்குத் தண்ணீரில் மிதக்கும் தூசியாகத் தெரியும், கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் நெளிவது தெரியும். இந்தப் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை. வாய் மூடியிருக்கும். முந்தைய பருவத்தின் தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு, உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கட்டுச்சோறாகக் கொண்டு, ஒரு பூச்சி கிடைக்கும்வரை மண்ணில் காத்திருக்கும். கொழுப்பு தீர்ந்தால் கதை முடிந்தது.

பூச்சி கிடைத்தால் வாய், ஆசனவாய், பக்கவாட்டில் உள்ள மூச்சுத்துளைகள் வழியாக உள்ளே போகிறது. ஹெட்டரோராப்டைடிஸுக்குத் தலையில் சின்னப் பல் ஒன்று இருக்கிறது, மெல்லிய தோலாக இருந்தால் அதைக் கிழித்தே நுழைந்துவிடும். உள்ளே இரத்தக்குழிக்கு வந்து சேர்ந்ததும், தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை வெளியே விடுகிறது. உண்மையில் கொலை செய்வது முக்கியமாக இந்த பாக்டீரியாதான். ஸ்டெய்னர்நெமா சுமப்பது ஜீனோராப்டஸ், ஹெட்டரோராப்டைடிஸ் சுமப்பது ஃபோட்டோராப்டஸ். பூச்சியின் எதிர்ப்புச் சக்தியை முடக்கி, பெருகி, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கொன்றுவிடும்.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் சுவாரசியம். செத்த புழு சாதாரணமாக இரண்டே நாளில் அழுகி நாற வேண்டும். இது நாறாது. பாக்டீரியா சுரக்கும் எதிர்ப்பொருட்கள் மற்ற கிருமிகளை அண்ட விடுவதில்லை. எறும்புகள்கூட இந்தப் பிணங்களைத் தின்னத் தயங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காவல் போட்ட அந்த உடலுக்குள் நூற்புழுக்கள் பாக்டீரியாவையும் கரைந்த திசுக்களையும் தின்று, இரண்டு மூன்று தலைமுறை பெருகும். இரை தீரும் நேரத்தில் மீண்டும் அந்தப் பட்டினிப் பருவத்து இளம்புழுக்கள் உருவாகி, ஆளுக்குக் கொஞ்சம் பாக்டீரியாவைக் குடலில் எடுத்துக்கொண்டு, 10 நாளைக்கு முன்பின்னாக லட்சக்கணக்கில் வெளியேறுகின்றன. பாக்டீரியா இல்லாமல் நூற்புழுவுக்குச் சாப்பாடு இல்லை. நூற்புழு இல்லாமல் பாக்டீரியாவுக்கு ஒரு பூச்சியிலிருந்து இன்னொரு பூச்சிக்குப் போக வண்டி இல்லை.

எந்த நூற்புழு கொன்றது என்பது பிணத்தின் நிறத்திலேயே தெரியும். ஸ்டெய்னர்நெமா என்றால் பழுப்போ சாம்பலோ கலந்த நிறம். ஹெட்டரோராப்டைடிஸ் என்றால் செங்கல் சிவப்பு. ஃபோட்டோராப்டஸ் ஒளி உமிழும் பாக்டீரியா என்பதால் அந்தச் சிவப்புப் புழுவை நல்ல இருட்டறையில் வைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்திருந்தால் மங்கலான ஒளி தெரியும்.

கோயம்புத்தூரின் பங்கு

இந்தத் துறையின் வரலாற்றில் கோயம்புத்தூருக்கு ஓர் இடம் உண்டு, அதை நம் ஊரில் பலரும் கேள்விப்பட்டதில்லை. கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து கோவையில் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு நூற்புழுவைப் பாய்னார், கருணாகர், டேவிட் மூவரும் 1992இல் புதிய இனமாக விவரித்தார்கள். ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா என்று இன்று உலகமெங்கும் அறியப்படுவது அதுதான். வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் பிறகு இது மண்ணிலிருந்து கிடைத்திருக்கிறது. குளிர்நாட்டு இனங்கள் சோர்ந்துபோகும் 30 டிகிரி வெப்பத்திலும் வேலை செய்யும் என்பதுதான் இதன் மதிப்பு. அது கிடைத்ததும் குருத்துக்குள் ஒளியும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவிலிருந்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய கதை 1929இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் தொடங்குகிறது. ஜப்பானிய வண்டின் வேர்ப்புழுக்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்த ருடால்ஃப் கிளாசர் அவற்றுக்குள் நூற்புழுக்களைக் கண்டார். அதைச் செயற்கை ஊட்டத்தில் வளர்த்து 1930களில் வயல்வெளியில் விட்டும் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் போனது பாக்டீரியா சங்கதி. வளர்ப்பு ஊடகம் கெடக்கூடாது என்று கிருமிநாசினி சேர்த்திருந்தார். நூற்புழுவின் ஆயுதத்தையே அது பறித்திருக்கக்கூடும். அப்புறம் டி.டி.டி. வந்தது, நூற்புழுவை யாரும் சீண்டவில்லை. ஆப்பிள் பழத்துளைப்பானிலிருந்து 1950களில் கிடைத்த கார்ப்போகாப்சே என்ற ஸ்டெய்னர்நெமா இனத்தால்தான் இந்தத் துறை மறுபடி உயிர்பெற்றது. அதன் ஒரு வகையான டி.டி.-136, 1960களில் இந்தியாவுக்கும் வந்து நெல், கரும்புப் பூச்சிகள்மீது சோதிக்கப்பட்டது. அந்த முயற்சி ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கண்ணாடித் தட்டு வேறு, இலை வேறு

ஆய்வுக்கூடத்தில் ஈரமான வடிதாளில் ஒரு புழுவையும் சில நூறு நூற்புழுக்களையும் போட்டு மூடி வைத்தால் அநேகமாக எந்தப் புழுவும் செத்துவிடும். கார்ப்போகாப்சே இனம் இப்படி 200க்கும் மேற்பட்ட பூச்சி இனங்களைத் தாக்கியதாகப் பதிவு உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்து மயங்கியவர்கள்தான் அதிகம். நூற்புழு அடிப்படையில் நீர்வாழ் உயிர். நகர்வதற்கு அதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது. காற்றில் காய்ந்தால் செத்துவிடும். காலை பத்து மணிக்குப் பருத்தி இலைமேல் இதைத் தெளிப்பது, பணத்தைக் கரைத்து ஊற்றுவதற்குச் சமம். காய்ப்புழுவுக்கும் புரொடீனியா எனப்படும் புகையிலை வெட்டுப்புழுவுக்கும் இலைமேல் தெளித்துப் பார்த்த சோதனைகள் உலகெங்கும் ஏற்ற இறக்கமான முடிவுகளையே தந்தன.

வெற்றி கிடைத்த இடங்களைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் கரண்ட் என்ற பழச்செடியின் தண்டுக்குள் துளைக்கும் புழு. சீனாவில் தெருவோர மரங்களின் அடிமரத்தைக் குடையும் புழு. துளைக்குள் நூற்புழுக் கரைசலைப் பீய்ச்சி அடைத்தார்கள். அதே சீனாவில், ஆப்பிளைத் தாக்கி மண்ணுக்குள் கூடு கட்டும் பழப்புழு. கலிஃபோர்னியாவில் ஆர்டிசோக் என்ற காய்கறிச் செடிக்குள் ஒளியும் புழு. தோட்டத்துத் தரையில் பகலில் பதுங்கி இரவில் நாற்றை வெட்டும் வெட்டுப்புழு. எல்லாமே இருட்டு, ஈரம், மூடிய இடம். மருந்து எட்டாத இடமும் அதுவேதான். ரசாயனம் தோற்கும் இடத்தில்தான் நூற்புழு ஜெயிக்கிறது, ரசாயனம் சுலபமாக எட்டும் இடத்தில் நூற்புழு தோற்கிறது. இரண்டையும் ஒரே களத்தில் நிறுத்தி எது சிறந்தது என்று கேட்பது தேவையில்லாத கேள்வி.

ஒவ்வோர் இனத்துக்கும் வேட்டைப் பழக்கமும் வேறு. ஹெட்டரோராப்டைடிஸ் மண்ணுக்குள் இறங்கித் தேடிப் போகும், அசையாமல் கிடக்கும் வேர்ப்புழுவையும் கூட்டுப்புழுவையும் கண்டுபிடிக்கும். கார்ப்போகாப்சே மேல்மட்டத்திலேயே இருக்கும். வாலில் ஊன்றி நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டு, பக்கத்தில் ஏதாவது கடந்தால் தொற்றிக்கொள்ளும். துள்ளிக் குதிக்கவும் செய்யும். நடமாடும் புழுவுக்குத்தான் அது சரி. வேர்ப்புழுவுக்குக் கார்ப்போகாப்சேயை வாங்கி ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ருவாண்டாவின் களி

இந்த அளவுகோலில் மக்காச்சோளக் குருத்தை வைத்துப் பாருங்கள். இலையின் அடி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருப்பதால் உள்ளே வெயில் படாது. இரவுப் பனியும் மழைத்துளியும் அங்கே தேங்கும். புழுவும் அங்கேயேதான் இருக்கிறது. படைப்புழுக்கள் தம் இனத்தையே தின்னும் என்பதால் வளர்ந்த புழு ஒரு குருத்துக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். இலைமேல் பயனற்ற நூற்புழுவுக்கு, ஒரு செடியின் தரைக்கு மேலான பகுதியில் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஒரே குறை, தண்ணீரில் கலந்து ஊற்றினால் அது இலைக்கவட்டின் வழியாக வழிந்துவிடுகிறது, மிஞ்சியது ஓரிரு நாளில் காய்ந்துவிடுகிறது.

ருவாண்டாவில் இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. அந்நாட்டு வேளாண் வாரியமும் காபி (CABI) என்ற பன்னாட்டு வேளாண் அமைப்பும் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அந்நாட்டு மண்ணிலேயே பிடித்த கார்ப்போகாப்சே நூற்புழுவை கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் களியில் கலந்து குருத்துக்குள் வைத்தார்கள். பெயர்தான் நீளம், ஐஸ்கிரீமில் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கும் அதே மாவுதான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குருத்திலிருந்து வழியாது, நூற்புழுவைக் காயவிடாது. வயல் சோதனையில் படைப்புழுத் தாக்குதல் சுமார் பாதியாகக் குறைந்தது. அங்கே விவசாயிகள் அடிக்கும் சைபர்மெத்ரினுக்கு அது சளைத்ததாக இல்லை. 2022இலும் அதன் பின்னும் இந்த முடிவுகள் வெளியாயின.

பாதி என்பது பெரிய எண் இல்லை என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் இதன் முக்கியத்துவம் சாவு விகிதத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

மண்ணில் விடுவதற்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் பொது அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 நூற்புழு. ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் ஏக்கருக்கு 100 கோடி நூற்புழு. நம் ஊரில் சிறிய அளவில் இவை பெருக்கப்படுவது பெரிய மெழுகு அந்துப்பூச்சியின் புழுவில். தேனீப் பெட்டிக்குள் புகுந்து மெழுகடையை நாசம் செய்யும் அதே புழு. நன்றாக வளர்ந்த ஒரு புழுவிலிருந்து ஒன்று முதல் இரண்டு லட்சம் நூற்புழு கிடைக்கும் என்று வைத்தால், ஓர் ஏக்கருக்கு 5,000 முதல் 10,000 மெழுகுப்புழு வளர்த்தாக வேண்டும். மக்காச்சோளம் விற்கிற விலைக்கு இது கட்டுபடியாகாது. ஏலக்காய்க்கும் பாக்குக்கும் வேர்ப்புழுவுக்காக இதைச் செய்கிறார்கள் என்றால் அந்தப் பயிர்களின் வருமானம் அப்படி.

இப்போது குருத்துக் கணக்கு. 60க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி. செடிக்கு 3,000 நூற்புழு வைத்தால் மொத்தம் 8 கோடி. மெழுகுப்புழுவில் சொன்னால் 400 முதல் 800 வரை. தேவை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. நூற்புழுவின் வீரியம் கூடவில்லை, விலை குறையவில்லை. வைக்கிற இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. நூற்புழுவால் புழுவைக் கொல்ல முடியுமா என்ற கேள்வி கிளாசர் காலத்திலேயே தீர்ந்துவிட்டது. எங்கே வைப்பது என்பதற்குத்தான் இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

குருத்தில் கையால் இடுவது நம் விவசாயிகளுக்குப் புதிதும் இல்லை. படைப்புழு வந்த புதிதில் மணலும் சுண்ணாம்பும் 9க்கு 1 என்று கலந்து குருத்தில் போடச் சொன்னார்கள். பெரிய புழுவுக்கு நச்சு உணவு: 10 கிலோ தவிடு, 2 கிலோ வெல்லம், 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு நாள் புளிக்க வைத்து, அதில் 100 கிராம் தயோடிகார்ப் கலந்து, செடி செடியாகக் குருத்தில் வைப்பது. ஆள் கூலிதான் இடிக்கும். அதே ஆள், அதே நடை. தவிட்டுக்குப் பதில் களி.

சொல்லாமல் விட முடியாத இன்னொரு சங்கதி. நியூஷாடெல் குழுவைச் சேர்ந்த டெட் டர்லிங்ஸும் கூட்டாளிகளும் 2005இல் நேச்சர் இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். மக்காச்சோள வேரை ஒரு வண்டின் புழு கடிக்கும்போது, வேர் ஒரு வாசனையை மண்ணுக்குள் விடுகிறது. அந்த வாசனைக்கு நூற்புழுக்கள் வந்து சேர்கின்றன. மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் பீட்டா காரியோஃபிலீன்தான் அது. ஐரோப்பிய ரகங்கள் பலவற்றிலும் மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையிலும் இந்தக் குணம் இருக்கிறது; வட அமெரிக்க ரகங்கள் பெரும்பாலும் அதை இழந்துவிட்டன. மகசூலை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்தெடுத்தபோது கூடவே வேறென்ன போயிற்று என்பதை யாரும் கவனிக்கவில்லை. வேரில் நடக்கும் இது குருத்துப் புழுவுக்கு நேரடியாக உதவாது. ஆனாலும் ரகம் வாங்கும்போது நாம் கேட்கவே கேட்காத கேள்விகளில் இது ஒன்று.

மண்ணில் இறங்கும் நாட்கள்

படைப்புழு வாழ்நாள் முழுவதும் குருத்திலேயே இருப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் தின்று ஆறு பருவம் வளர்ந்ததும் செடியை விட்டு இறங்கி, மண்ணுக்குள் 2 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. அந்த இடமும் நூற்புழுவின் ராஜ்யம். அமெரிக்காவின் டெக்சாஸில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு மக்காச்சோள வயல்களில், படைப்புழுவும் கதிர்ப்புழுவும் கூடுகட்ட மண்ணுக்குள் போன இடத்தில் இயற்கையாகவே ஒரு நூற்புழு அவற்றைக் கொன்றுகொண்டிருந்தது. 1994இல் அதற்கு ஸ்டெய்னர்நெமா ரியோபிரேவ் என்று பெயரிட்டார்கள். வெப்பத்தைத் தாங்கும் இனம். பாசனத் தண்ணீரோடு சேர்த்து விட்டுப் பார்த்த சோதனைகளும் நடந்தன.

நமக்கு இதில் ஒரு சிக்கல். மண்ணில் விடுவது என்றால் மறுபடி அந்த 100 கோடிக் கணக்கு வந்துவிடும். அதோடு கூட்டுப்புழுவைக் கொல்வதற்குள் இந்தப் பயிரைத் தின்று முடித்திருக்கும். பலன் அடுத்த தலைமுறைக்குத்தான். உங்கள் வயலில் குறைந்தாலும் பக்கத்து வயலிலிருந்து அந்து பறந்து வரும். ஊரே சேர்ந்து செய்தால் வேறு விஷயம். தனி ஒருவர் படைப்புழுவுக்காக மண்ணில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

சரி, இவ்வளவு நல்ல விஷயம் ஏன் மருந்துக்கடையில் அடுக்கியிருக்கவில்லை? இது உயிரோடு விற்க வேண்டிய சரக்கு. ஆஸ்திரேலியாவின் பெடிங் என்ற ஆய்வாளர் 1980களில் கோழிக் குடல் போன்ற கழிவை அரைத்துப் பஞ்சில் ஊறவைத்து, அதில் பாக்டீரியாவோடு நூற்புழுவைப் பெருக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பெரிய கம்பெனிகள் பல ஆயிரம் லிட்டர் நொதிகலன்களில் திரவமாகவே வளர்க்கின்றன. உற்பத்தி ஓரளவு தீர்ந்த பிரச்சினைதான். தீராதது உற்பத்திக்கும் வயலுக்கும் நடுவிலுள்ள தூரம். ஜூன் மாத வெயிலில் லாரியில் இரண்டு நாள் கிடந்த பாக்கெட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் பிணம்.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைவனம் ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகாவைத் தூள் வடிவில் உருவாக்கி, வேர்ப்புழுவுக்காகப் பல நிறுவனங்களுக்கு உரிமம் தந்திருக்கிறது. இன்னொரு பக்கம் இடுக்கி ஏலத்தோட்டங்களில் நூற்புழு தொற்றிய மெழுகுப்புழுப் பிணத்தையே செடியடியில் புதைக்கிறார்கள். பாக்கெட்டும் வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். பிணத்திலிருந்து புறப்படும் நூற்புழு நேரே மண்ணுக்குப் போய்விடும். முறை பழசு, நம் நிலைமைக்கு ஏற்றது.

வாங்கினால் சோதித்துவிட்டு அடியுங்கள். ஒரு சிட்டிகைத் தூளை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் விட்டு, கைலென்ஸில் பாருங்கள். உயிருள்ளது வளையும், நெளியும். செத்தது விறைத்த ஊசியாக நேராகக் கிடக்கும். ஆனால் கார்ப்போகாப்சே ஓய்வில் இருக்கும்போதும் நேராகத்தான் கிடக்கும் என்பதால், கிண்ணத்தை லேசாகத் தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பாக்கெட் மீந்தால் ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இண்டிகா போன்ற வெப்பமண்டல இனத்துக்குச் சாதாரண ஃப்ரிட்ஜின் குளிரே அதிகம். 15 டிகிரி பக்கம் இருப்பதுதான் அதற்குச் சுகம். தெளிப்பான் வழியாகக் கொடுப்பதாக இருந்தால் உள்ளே இருக்கும் நெருக்கமான வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும், டேங்கை அடிக்கடி கலக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் அடியில் படிந்துவிடும். மாலை ஐந்து மணிக்குமேல் வேலையைத் தொடங்குவது உத்தமம்.

மருந்தோடு கலக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. குளோரான்ட்ரானிலிப்ரோல் மாதிரி சில பூச்சிமருந்துகளோடு நூற்புழு ஒத்துப்போவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வேர்முடிச்சுக்காக நூற்புழுக்கொல்லி இட்ட வயலில் இதை விடுவது வீண். அந்த மருந்துக்கு நல்ல நூற்புழு, கெட்ட நூற்புழு என்ற பேதம் தெரியாது.

மனிதருக்கும் மாட்டுக்கும் ஆபத்து உண்டா? நம் உடல் வெப்பத்தில் இந்த நூற்புழுக்கள் வாழ்வதில்லை, முதுகெலும்புள்ள உயிர்களில் பெருகுவதும் இல்லை. அமெரிக்காவில் இவற்றுக்குப் பூச்சிமருந்துப் பதிவிலிருந்தே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஃபோட்டோராப்டஸ் பேரினத்தில் அசிம்பயாட்டிகா என்ற ஒரு வகை மட்டும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அபூர்வமாக மனிதப் புண்களிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. பயிருக்கு விற்கப்படும் இனங்கள் சுமப்பது அதை அல்ல. எனக்குக் கவலை பட்டுப்புழுவைப் பற்றித்தான். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதானே. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மல்பெரித் தோட்டத்தை ஒட்டி மக்காச்சோளம் போடுபவர்கள், இதைத் தெளித்த கையோடு போய் இலை பறித்துத் தட்டில் போட வேண்டாம்.

பட்டத்துக்கு ஏற்ற கணக்கு

பெரம்பலூர், அரியலூர் கரிசலில் மக்காச்சோளம் பெரும்பாலும் புரட்டாசியில் விதைக்கிறார்கள். முளைத்த 15ஆம் நாளிலிருந்து 40ஆம் நாள்வரை குருத்தில் படைப்புழுவின் தொல்லை கடுமையாக இருக்கும். அந்த நாட்கள் அப்படியே ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து விழுகின்றன. வானம் மூடியிருக்கும், காற்றில் ஈரம், இரவில் குருத்தில் தண்ணீர் நிற்கும். மருந்து அடிப்பவருக்கு இது கெட்ட காலம், அடித்த ஒரு மணி நேரத்தில் மழை கழுவிவிடும். நூற்புழுவுக்கு ஆண்டிலேயே நல்ல காலம் இதுதான். அடைமழை களியையும் கழுவிவிடுமா, எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்தக் கரிசலில், அந்த மாதத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ருவாண்டா மலைநாடு, அங்கே வேலை செய்த கார்ப்போகாப்சே நம் சமவெளி வெப்பத்துக்கு எப்படி இருக்கும் என்பதும் தனிக் கேள்வி. களிக்குள் கோயம்புத்தூர் இண்டிகாவை வைத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சோதிப்பவர்கள் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் செத்த புழுவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துக் குருத்தைப் பிரித்தால், வெள்ளை பூசிப் பிறகு பச்சைத் தூளாகி விறைத்த புழு பூஞ்சாணத்தால் செத்தது. உடல் கரைந்து தோல்பையாகத் தொங்குவது வைரஸ். துவண்டு, நிறம் மாறி, நாற்றமில்லாமல் கிடப்பதுதான் நூற்புழுவின் வேலை. ஊசியால் கிழித்துத் தண்ணீரில் போட்டால் உள்ளே நெளிவது தெரியும். மழைக்காலத்தில் பூஞ்சாணம் தானாகவே நிறையக் கொல்லும் என்பதால் இதைப் பிரித்துப் பார்க்காமல் நூற்புழுவுக்குப் பேர் கொடுப்பது சரியாகாது.

சித்திரை இறவைப் பயிருக்கு மட்டும் யாராவது பாக்கெட்டை நீட்டினால் வாங்காதீர்கள். 40 டிகிரி வெயிலில், காய்ந்த காற்றில், குருத்துக்குள் தண்ணீரே நிற்காத நாட்களில், களி போட்டாலும் அது வேலைக்காகாது.